கழிந்த நேரம்

டோக்கன் கொடுக்காத செவ்வாய்க்கிழமை.
மண்டபம் வடக்கு ஜெட்டியில் படகுகள்
ஒன்றின் விலாவை ஒன்று இடித்துக்கொண்டு கிடக்க,
டோக்கன் அறையின் பழைய கம்ப்யூட்டரில்
நானும் ஒரு படகு வரைந்தேன்.
மூன்று கோடு, ஒரு முக்கோணம்.

போ என்றேன்.
பத்துப் புள்ளி தள்ளி இன்னொரு படகு வந்தது.
அப்புறம் இன்னொன்று.
பழையதை அழிக்கச் சொல்லவில்லையே நான்.
திரை முழுக்க ஒரே படகின் அறுபது உடம்பு,
வெயிலில் காயப்போட்ட காரல்பொடி மாதிரி.

அழித்துவிட்டு வரை என்றேன்.
அழித்தது, வரைந்தது, அழித்தது.
ஸ்டார்ட்டர் போன டியூப்லைட்.
தான் இருக்கிறோமா இல்லையா என்று
படகுக்கே சந்தேகம்.

அழிப்பதை யாரும் பார்க்கக் கூடாது:
இது புரிய ஒரு வாரம் ஆனது எனக்கு.
கண்ணுக்குக் காட்டாத இன்னொரு திரையில்
கடலைத் துடைத்து, வானம் பூசி, படகை வைத்து
எல்லாம் முடிந்தபிறகு
ஒரே மூச்சில் முன்னால் திருப்பு.
பத்தை இரண்டாகக் குறைத்தேன்.
போனது.
பெண்கடலில் காற்று விழுந்த விடியலில்
போவது போலவே போனது.

பென்டிரைவில் போட்டு
கீழக்கரை ரிஃபாயாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.
புது லேப்டாப் அவளுக்கு.
ராத்திரி போன் செய்தாள்:
"உன் படகு எங்கேடி? கண் மூடித் திறக்குமுன்னே
கோட்டைத் தாண்டிப் போயிருச்சே."

வலது ஓரத்தில், கிழக்கே,
ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தேன்.
என்ன கோடு என்று
இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.
சிரித்தவள், கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவள் மெஷினுக்கு அவசரம்.
என்னுடையது ஒரு முறை வரைவதற்குள்
எட்டு முறை வரைந்துவிடுகிறது;
முறைக்கு இரண்டு புள்ளி என்று
எழுதிக்கொடுத்தவள் நான்தான்.

மேஜையில் டோக்கன் நோட்டு திறந்து கிடந்தது.
போன நேரம். திரும்பிய நேரம்.
எத்தனை அலை ஏறி இறங்கினாய் என்று
அதில் கட்டம் இல்லை.
(திரும்பிய நேரத்தில்
இரண்டு கட்டம் மாசியிலிருந்து காலி.)

திருத்தினேன்:
போன முறை வரைந்ததற்கும் இப்போதைக்கும் நடுவே
எவ்வளவு நேரம் கழிந்ததோ
அதை வேகத்தால் பெருக்கு.
அவ்வளவே நகர்.
வேகமான மெஷினுக்குச் சின்ன எட்டு,
கிழட்டு மெஷினுக்குப் பெரிய எட்டு.
ஏழாவது நொடியில்
இரண்டு படகும் ஒரே தண்ணீரில்.

மிச்சம் ஒரு வரி:
கோடு வந்தால்?
பந்து என்றால் முட்டித் திரும்பும்.
இல்லையா, வலதில் மறைந்து இடதில் முளைக்கும்.
ரெண்டும் படகு செய்கிற காரியமில்லை.
கோடு நெருங்க நெருங்க
மிச்சத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும்
போகச் சொன்னேன். போகப் போக அந்தப் பங்கும் சிறுக்கும்.
அப்புறம் மூக்கைத் திருப்பி, மெல்ல, மேற்கே.

புதன், விடியற்காலை.
சந்தியாகு அண்ணன் ஜன்னல் வழியே
டோக்கனுக்குக் கை நீட்டியவர்
என் தோளுக்குப் பின்னால் திரையைப் பார்த்தார்.

"நடுக்கடல்ல நிக்கப் போகுதே தாயி,
என்ன, இஞ்சின் மக்கரா?"