பக்கெட்

"ஹி கிக்டு த பக்கெட்" என்கிறான் திரையில் ஓர் அடியாள்.
அவன் வாய் மூடுவதற்குள், ஒன்றே முக்கால் நொடி,
கீழே தமிழ் ஓட வேண்டும்.

எங்கள் கொருக்குப்பேட்டையில்
பக்கெட்டை நிஜமாகவே உதைத்தவள் பிலோமினா.
லாரித் தண்ணீர் வரிசையில், ஆதிலட்சுமியின் பச்சை பக்கெட்.
யாரும் சாகவில்லை.
நெற்றியில் நாலு தையல்,
இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"பூட்டான்" என்று அடித்து அனுப்பினேன்.
திருப்பி அனுப்பினார்கள்: கொச்சை. "காலமானார்" போடவும்.
போட்டுப் பார்த்தேன்.
சாக்கடையோரம் குத்துப்பட்டுக் கிடந்தவன்
சந்தனமாலை போட்ட தலைமையாசிரியர் ஆகிவிட்டான்.
லண்டன் சந்தில் பிறந்தால் ஸ்லாங்காம்,
எங்கள் சந்தில் பிறந்தால் கொச்சை.

ரயில்வே கேட் போட்டாயிற்று.
எண்ணெய் டேங்கர்களை இழுத்துக்கொண்டு கூட்ஸ் போகிறது, போகிறது.
ஜன்னலுக்குக் கீழே ஆட்டோவை அணைத்துவிட்டு
ஒருவர் போனில் கத்துகிறார்:
"தண்ணி லாரி குப்புராஜு இல்ல? டிக்கெட் வாங்கிட்டாம்பா.
நைட்டுகூட நல்லாத்தான் இருந்தான்."

டிக்கெட்டும் இங்கிலீஷ்தான்.
வெள்ளைக்காரனிடம் சொன்னால்
எந்த ஊருக்கு என்று கேட்பான்.

கீழே இறங்கினேன்.
லேப்டாப்பில் அடியாள் வாயைத் திறந்தபடியே நிற்கிறான்.

குப்புராஜ் வீட்டுச் சந்தில் ஷாமியானா ஏறுகிறது.
குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுபோகிறாள் ஆதிலட்சுமி,
அதே பச்சை பக்கெட்,
கைப்பிடி போன இடத்தில் நைலான் கயிறு.
வழியில் உட்கார்ந்திருந்த பிலோமினா
ஒன்றும் பேசவில்லை.
நீட்டியிருந்த காலை
மடக்கிக்கொண்டாள்.