அரைப்பேர்

கொழுந்து நிறுக்கிறவன் நான்.
கிளென்மோர் கீழ்ப்பிரிவு மடுவத்தில் ஆறு வருஷம்.
பதினெட்டுக் கிலோ என்றால் ஒரு பேர்,
பதினேழரை என்றால் அரைப்பேர்.
காலைக் கொழுந்து பனியோடு வரும், கனக்கும்.
தண்ணிக்கழிவு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று.
தேனுகாவுக்கும் ஒருநாள் அரைப்பேர் போட்டேன்,
அப்போது அவள் எனக்கு யாரோ.

கல்யாணமாகிப் பதினாலு மாதம்.
எனக்கு இருபத்தேழு.
பஸ் ஸ்டாண்டில் வாங்கிய லேகியம்
வயிற்றைக் கலக்கியதோடு சரி.
ஃபாமசிக்காரன் பத்திரிகைத்தாளில் சுற்றித் தந்த நீல மாத்திரை
இரண்டு இரவு என் பக்கம் நின்றது,
மூன்றாம் இரவு தலைவலி மட்டும்.
அதற்குப் பிறகு
கூரையைத் தொடாத சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் சீரியலை
நாங்கள் இரண்டு பேரும்
கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டோம்.

டிக்கோயா ஆஸ்பத்திரி டொக்டர் சிங்களப் பெண்.
தமிழைத் தேடித் தேடி எடுத்து வைத்தார்.
“விடியக்காலைல எழும்புதா?”
“நாலரைக்கே எழும்பிருவேன் டொக்டர்.”
பேனாவை மேசையில் வைத்தார்.
“நீங்க இல்ல, தம்பி.”

சீனி இருக்கா, பிரஷர் இருக்கா,
நித்திரை எப்படி, சிகரெட் எத்தனை,
நெஞ்சில் பால் மாதிரி ஏதும் கசிந்ததா.
கடைசிக் கேள்விக்கு ஆடிப்போனேன்.
ஆம்பிளை உடம்பிலும் பால் சுரக்கிற ஹோர்மோன் ஒன்று இருக்கிறதாம்,
கூடினால் மற்றதை அமுக்கிவிடுமாம்.
துண்டில் மூன்று பெயர் எழுதினார்.
பத்து மணிக்கு முந்தி, சாப்பிடாமல்,
பிந்தினால் அது இறங்கிவிடும் என்றார்.
தெரியும் எனக்கு.
காலை நிறை வேறு, பகல் நிறை வேறு.

ஐந்து இருபது பஸ். ஹட்டன் இன்னும் புகாருக்குள்.
லெப் மாடிப்படியில் எனக்கு முன்னால்
மேற்பிரிவு லொறி டிரைவர் கோணேசன், தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு.
“சீனி பாக்க வந்தேன்,” என்றான்.
“நானும் சீனிதான்,” என்றேன்.
முப்பது தாண்டாத இரண்டு சீனி வியாதிக்காரர்
பிளாஸ்டிக் கதிரையில் அருகருகே,
சுவர்க் கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தோம்.

குழாய் சின்னது. ஒட்டின லேபலும் சின்னது.
விஜயரூபன் அதில் அடங்கவில்லை.
“விஜயரூ” வரைதான் இடமிருந்தது.
அந்தப் பிள்ளை என் கையைத் தட்டி நரம்பு தேடும்போது
பாதிப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இரத்தம் கண்டிக்குப் போகும்,
நாலு நாளில் வரும்.
நாலாயிரத்து எண்ணூறு. எனக்கு நாலு நாள் சம்பளம் என்று
மனம் தானாகவே பேர் போட்டது.

இருநூற்று எழுபத்தொன்பது.
பக்கத்தில், கீழ் எல்லை முன்னூறு.
மற்ற இரண்டும் சரி.

“ஒருதரம் போதாது,” என்றார் டொக்டர்.
“இன்னொரு காலையும் பாக்கணும்.
காய்ச்சல், நித்திரைக் குறைவு, யோசனை,
எல்லாத்துக்கும் ஏறி இறங்கும்.
ஒரு நம்பரை வச்சி நான் ஒண்டும் எழுத மாட்டேன்.”

நான் எழுதுவேன்.
அன்று பின்னேரம் மடுவத்தில்
பவளராணியின் சாக்கு பதினேழரையில் நின்றது.
முள் கொஞ்சம் ஆடியது. பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினேழரை என்றே எழுதினேன்.
அவள் சாக்கை உதறிக்கொண்டு போனாள்.
அந்த முதுகு
இரவு காம்பிரா வரைக்கும் என் கூடவே வந்தது.

சீரியல் முடிந்து சுவர் அமைதியானதும்
தேனுகா கேட்டாள்: “சீனி எவ்வளவாம்?”
குரலிலேயே தெரிந்தது,
துண்டை அவள் எப்போதோ வாசித்துவிட்டாள்.
“இருபத்தொன்று குறையுது. திரும்ப நிறுக்கணுமாம்.”
“எப்ப?”
“செவ்வாய். விடியக்காலை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு போர்வைக்குள் ஏதோ குலுங்கியது.
அழுகிறாள் என்று நினைத்துக் கை நீட்டினேன்.
பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்,
கேட்டாள்:
“அங்கயும் தண்ணிக்கு ரெண்டு கழிப்பாங்களா?”