ஜெனரேட்டர் நின்றபோது

சீட்டு எண்பது பெசோ. விளக்குக்கு இருபது தனி.
குளித்துவிட்டு இறங்கு, என்கிறார் எவெலியா,
வெயில் களிம்போடு போனால்
கண்ணில்லாத மீன்கள் கண்டுகொள்ளுமாம்.

யுகடானில் ஆறுகள் தரைக்கு மேல் தலைகாட்டுவதில்லை.
சோளக்காட்டின் நடுவே ஒரு துளை,
வழுக்கும் மர ஏணி.
மேலே நிற்கும் ஏதோ மரத்தின் வேர்
கூடவே இறங்கிவந்து
எனக்கு முன்பே தண்ணீரைத் தொட்டிருந்தது.

முதல் முங்கலில்
விலா எலும்புகளை எண்ணிப் பார்த்தது குளிர்.
நான்கு பல்புகள்.
பச்சையா நீலமா என்று
இன்னும் முடிவெடுக்காத நீர்.
நடுவுக்கு நீந்தியிருப்பேன்,
மேலே ஜெனரேட்டர் இருமியது.
இன்னொரு முறை இருமி
நின்றது.

கண்ணைத் திறந்தேனா மூடினேனா,
இமையைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.
எங்கோ கூரையிலிருந்து ஒரு சொட்டு.
என் கை எதுவரை என் கை?
எதுவரை தண்ணீர்?

சளப்.
தூரத்தில்.
சளப். கொஞ்சம் கிட்டே.
மூன்றாவது வீச்சு என் தோள்மேல்:
ஈரக் கயிறு.
மறுமுனையில் எவெலியாவின் மகன் வில்பெர்த்.
"பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்று சிரிக்கிறான்,
குகை முழுக்க அவன் பற்கள்.

இழுக்கத் தொடங்கினான்.
எனக்குத் தெரிந்த ஸ்பானியம் அரைக் கைப்பிடி.
அதில் தேடி எடுத்தேன்:
எஸ்பெரா. பொறு.

கயிறு தளர்ந்தது.
எவ்வளவு நேரம் என்று அவனும் கேட்கவில்லை.

மேலே வெயில் அறைந்தது.
விளக்குக் காசைத் திருப்பி நீட்டினார் எவெலியா.
வேண்டாம் என்றேன்.
கோபித்துக்கொண்டார்.
பிறகு ஒரு ஆரஞ்சை உரித்து
மிளகாய்த்தூள் தூவி
கையில் திணித்தார்.