சர்வே எண்

மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்.
வெள்ளை ஜீப் திரும்பும் சத்தம் கேட்டால்
பாதி வெந்த உலையை
இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவோம்.

முதலில் பாறையில் சிவப்பு எண் எழுதினார்கள்.
அப்புறம் கண்மாய் மடையில்.
போன தையில் சேவுகன் வீட்டுக் கதவில், 47/2.
சுரண்டிச் சுரண்டி
கதவில் ஓட்டையே விழுந்துவிட்டது.
எண் போகவில்லை என்கிறான்.

மூன்று மணிக்கு மலையில் வெடி.
இரண்டே முக்காலுக்கே காதைப் பொத்திக்கொள்கிறாள் மகள்.
ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது.
அன்றைக்கும் பொத்திக்கொள்கிறாள்.

ட்ரோன் பறந்த அன்று
எங்கே பார்த்துக் குரைப்பதென்று தெரியாமல்
நாய்கள்
ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

நேற்று ராத்திரி
ஊர் எல்லையில் ஒரு பைக்.
ஹெல்மெட். முதுகில் பெரிய பை.
ஆளுக்கொரு கல்லோடு போனோம்.
"யார்றா அது?"
கேட்டது நான்தான்.
அவன் வாயைத் திறப்பதற்குள் எறிந்ததும் நான்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றினான்.
பனியன் கம்பெனி லீவில் வந்த
அழகம்மை மகன்.
"நல்லவேளை, குறி தப்பிருச்சு அத்தை"
என்று சிரித்துவிட்டு
சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

எடுத்துக்கொள்ள
கையில் இன்னொரு கல் இருந்தது.