ஏ-த்ரீ, ஒரு பக்கம்

ஹில்டா தவமணி கடைக்குள் வரும்போது
முதலில் உருட்டிய வரைபடம் வரும்,
பிறகு குடை,
பிறகுதான் அவர்.
பெட்ஃபோர்டில் என் ஜெராக்ஸ் கடையில்
இருபத்திரண்டு வருஷமாய் இந்த வரிசை மாறவில்லை.

அருவங்காடு வெடிமருந்து ஆலையில் அப்பாவுக்கு வேலை.
ஆலை இருக்கும் இடம் பள்ளி அட்லஸில் இல்லையாம்.
தினமும் மூன்று முறை சங்கு ஊதுகிற ஒன்று
எப்படித் தாளில் இல்லாமல் போகும் என்று
ஆறாம் வகுப்பில் கேட்டுவிட்டு
பெஞ்சு மேல் நின்றாராம்.
"பெஞ்சிலிருந்து பார்த்தால்
ஜன்னல் வழியாக ஆலை இன்னும் நன்றாகத் தெரிந்தது."

கல்லூரியில் வேலை கேட்டபோது
வரலாறா புவியியலா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள்.
ஒன்றைச் சொல்லாததால்
ஊட்டி கலெக்டர் ஆபீஸில் ஆவண அறை கிளார்க்.
மலையை நாலாய் மடித்து வைத்திருந்தார்கள் அங்கே.
மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஊர்கள் கிழிந்திருந்தன.

லீவு போட்டு எழும்பூருக்கு ரயில் ஏறுவார்.
தாள் பறக்காமலிருக்க மின்விசிறியை அணைத்து,
மே மாத வியர்வை அதில் சொட்டாமலிருக்க
நெற்றியில் கர்சீப் கட்டி
சர்வேக்காரர்களின் கள நோட்டைப் படிப்பார்.
அவர் கண்டுபிடித்ததில் எனக்குப் புரிந்தது இரண்டுதான்.

ஒன்று, சங்கிலி.
நூறு கண்ணி இரும்புச் சங்கிலி
பாறையில் இழுபட்டு இழுபட்டு நீண்டுபோனது.
சங்கிலி நீண்டால் கணக்கில் மலை குறுகும்.
குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே
முந்நூறு அடியைக் காணோம் என்று
ஒன்பது வருஷம் தேடி
அது சங்கிலியின் தேய்மானத்துக்குள் இருக்கக் கண்டார்.
அதைப் புத்தகமாகப் போட்டார்.
முந்நூறு பிரதி, அடிக்கு ஒன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு இன்னும் கட்டிலுக்கடியில்.

இரண்டு, வெள்ளை.
தாளின் கிழக்கு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு
எதுவும் வரையாத இடம்.
பின்னால் வந்தவர்கள் தரிசு என்று எடுத்துக்கொண்டார்கள்.
தரிசு என்று எழுதி விற்றார்கள்,
தேயிலை வைத்தார்கள், கம்பி கட்டினார்கள்.
கள நோட்டில் இருந்ததோ ஒரே வரி:
பதினோரு நாள் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. இறங்குகிறோம். கூலி நால்வர்.

அந்த வரியோடு கோர்ட்டுக்குப் போனார்,
கம்பிக்கு வெளியே போன நாற்பது இருளர் குடும்பங்களுக்காக.
நீங்கள் சர்வேயரா, என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
இல்லை.
அந்த இடத்தைப் பார்த்தாவது இருக்கிறீர்களா?
மூன்று முறை போனேன். மூன்று முறையும் பனி.
கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும்தான்.
தீர்ப்பு இன்னும் வரவில்லை.
பஸ் சார்ஜ் மட்டும் வந்தது, மணியார்டரில்.

"அந்த நால்வர் யார், பரஞ்சோதி?"
எனக்கு என்னமோ தெரிந்த மாதிரி கேட்பார்.
தியோடலைட்டின் வரிசை எண் இருக்கிறதாம்,
வழியில் செத்த மட்டக்குதிரையின் பெயர்கூட இருக்கிறதாம்,
விலையோடு.

இப்போதெல்லாம் முழங்கால் படி ஏறச் சம்மதிப்பதில்லை.
போன வியாழக்கிழமை ஆட்டோவில் வந்தார், அதே தாளோடு.
ஏ-த்ரீ, ஒரு பக்கம்.
எடுத்து நீட்டினேன்.
வெள்ளையின் நடுவில் மிளகளவு கறுப்பு.
கண்ணாடியில் தூசி மேடம், வேறு போடுகிறேன் என்றேன்.
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்து, லென்ஸ் வைத்து,
ஏதோ புது ஊருக்குள் நுழைகிறவர்போலப் பார்த்தார்.
"நூறு வருஷம் கழித்து ஒருத்தர்
இதைக் குளம் என்று நிரூபித்து டாக்டர் பட்டம் வாங்குவார்."

பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதினார்,
அந்தச் சாய்ந்த, சிக்கனமான கிளார்க் எழுத்தில்:
இது குளமல்ல. நகல் இயந்திரத்தின் தூசி.
குன்னூர், பெட்ஃபோர்டு. பிற்பகல் மூன்றரை, மழை.
தேதி போட்டார்.
பிறகு என் இனிஷியலைக் கேட்டார்.
நகல் எடுத்தவர்: ப. பரஞ்சோதி.

காசு வேண்டாம் என்றேன்.
பத்து ரூபாயை மேசைமேல் வைத்து
ரசீது கேட்டார்.