ஆடியில் மண்டபம் காலி

ஊர் நல்ல காரியம் தொடங்காத மாதங்களில்தான்
எங்கள் கூட்டம்.
ஆடி. மார்கழி. புரட்டாசியில் பாதி.
மற்ற மாதங்களில் மண்டபத்துக்கு மேளம் இருக்கும்,
வாடகை இருக்கும்.
"கரண்டுக்கு மட்டும் குடுத்துடுங்க" என்றார் மேனேஜர்,
ஏசி ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.

மேடையில் ஆனி மாதத்துத் தெர்மாகோல்:
'லாவண்யா வெட்ஸ்' வரைக்கும் இருந்தது,
மாப்பிள்ளை உதிர்ந்திருந்தார்.
அதன் கீழே வேட்டி கட்டித் திரை.
முதல் ஸ்லைடில் ஜரிகைக் கரை தெரிந்தது.

நான் கணக்கு எழுதுகிறவள்.
எனக்குக் கம்பெனி கிடையாது;
வந்தவர்கள் எல்லாருடைய ஜிஎஸ்டியும் என் மேசையில்.
யார் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை மாதத் தவணை
என்று தெரியும். சொன்னதில்லை.

கூத்தாநல்லூர் பைரோஸ்கான்
நெல்லின் ஈரத்தைக் களத்திலேயே சொல்லும் கருவி செய்கிறான்.
பதினேழு சதவீதத்தைத் தாண்டினால்
கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை வீடு திரும்பும்,
அந்தப் புள்ளியில்தான் அவன் வியாபாரம்.
திருத்துறைப்பூண்டி குணசீலி, ஆஸ்பத்திரி டோக்கன்:
விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் இடம் பிடித்துக் கிடந்த செருப்புகளை
வீட்டுக்கு அனுப்பியவள்.
நாகை அற்புதராஜ்: எந்தப் படகு எத்தனை பெட்டி ஐஸ் பாக்கி.
முதல் கூட்டத்துக்கு நாலு பேர்.
வடை முப்பது சொல்லியிருந்தோம்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், முதலீடு செய்கிறவர்.
இங்கே எக்கோசிஸ்டம் இல்லையே என்றார்.
டீ வருவதற்குள்
மன்னை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்றார்.
அவர் போனதும் 'ஆடிப்பட்டம்' என்று யாரோ ஆரம்பிக்க,
பைரோஸ் கும்பிட்டான்:
"வேணாம்ணே. பேப்பர்காரங்க வந்தா சொல்லிக்கலாம்."

மூன்றாம் வருஷ ஆடி. அறுபத்திரண்டு பேர்.
அற்புதராஜ் மேடை ஏறவில்லை.
பந்தி மேசையில் சாய்ந்து நின்று சொன்னான்:
மூடிவிட்டேன்.
நாற்பது படகு. காசு கொடுத்தது ஒன்பது.
பிறகு கடனைச் சொன்னான், கடைசி ரூபாய் வரை.
நான் ஏழு மாதம் வாயில் வைத்திருந்த எண்.

கைதட்டுவதா கூடாதா, தெரியவில்லை யாருக்கும்.
மின்விசிறி சுற்றியது.

குணசீலிதான் கேட்டாள்:
"அந்த ரெண்டு பசங்களுக்கு என்ன சம்பளம் குடுத்தே?"
"பதினெட்டு."
"திங்கக்கிழமை அனுப்பு."
பின்வரிசையில் ஒரு கை: நாற்காலி எத்தனை?
இன்னொரு கை: இன்வெர்ட்டர் பேட்டரி புதுசா?
ஆறு நாற்காலிக்கு நாலு பேர் அடித்துக்கொண்டார்கள்.
அற்புதராஜ் சிரித்துவிட்டான், விலையை ஏற்றினான்.
பணம் தராத முப்பத்தொரு படகின் பெயரையும்
பைரோஸ் எழுதிக்கொண்டான்,
அடுத்தவன் ஏமாறக் கூடாது என்று.
எட்டரைக்குள் ஒரு கம்பெனி
ஐந்து டூவீலரில் ஏறிப் போனது.

அன்று ராத்திரி பாமணியாற்றில் தண்ணீர் வந்திருந்தது,
நுரையோடு, ஒற்றைச் செருப்போடு, உடைந்த பிளாஸ்டிக் குடத்தோடு.
மேட்டூரில் திறந்து எத்தனை நாள்
என்று யாரோ விரல் விட்டார்கள்.
நான் கரண்டு பில்லைப் பிரித்துக்கொண்டிருந்தேன்,
அறுபத்திரண்டால் வகுபடவில்லை.

மார்கழியில் அற்புதராஜ் வந்தான்.
பதிவேட்டில் பெயர் எழுதினான், ஊர் எழுதினான்.
கம்பெனி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அப்படியே விட்டுவிட்டு வடை எடுக்கப் போனான்.

காலிக் கட்டம் இருந்தால்
குறுக்கே கோடு போட்டு மூடுவது எங்கள் தொழில் வழக்கம்,
பிறகு யாரும் நுழைத்து எழுதிவிடாமல்.
அன்றைக்கு நான் கோடு போடவில்லை.