பத்தாங்கட்டை

பலகைக்குத் தமிழில் எண்பது சொல்.
நான்காவது வரிசை, அடிப்பக்கம்,
பிள்ளைகள் சைக்கிள் சாய்த்து வைக்கும் உயரம்.
வரலாறும் வரணும், நில அமைப்பும் வரணும்
என்றார் திரு. குவெக்.
"சாவு மட்டும் வேண்டாம்.
குடும்பங்கள் நடந்து வரும் இடம்."

சரி.

புக்கிட் பாஞ்சாங் என்றால் நீண்ட மலை.
நாலு சொல் போயிற்று.
தெற்கே பக்கத்து மலைக்கு ஈயத்தின் பெயர்;
வெட்டிப் பார்த்தால் கருங்கல்.
நகரத்திலிருந்து பத்து மைல், ஆகையால் பத்தாங்கட்டை.
மலாய்க்காரருக்குக் கல்லும் மைலும் ஒன்றே, பாத்து.
நாம் எப்படியோ அதைக் கட்டையாக்கிவிட்டோம்.
(இது பலகையில் இடம்பெறாது.)

பாங் சுவா ஓடை வடக்கே கிராஞ்சிக்குப் போகும்.
முன்பு வளைந்து போனது,
சீனர் தோட்டத்துக் கங்கோங் பாத்திகளை நனைத்துக்கொண்டு.
இப்போது கான்கிரீட்டில் நேராகப் போகிறது,
தலைமையாசிரியர் பார்க்கிறார் என்பதுபோல.

ஊரில் நீதிமன்றம் இல்லை.
இருந்தது ஒரு ரயில் கேட்.
ஹாசிம் அதை இறக்கினால் ஏழு நிமிடம்
பன்றி லாரி, பட்டாள லாரி, பால் மிதிவண்டி
எல்லாம் ஒரே வரிசை.
வராத கடனை அங்கேதான் கேட்டார்கள்.
பெண் கேட்டதும் அங்கேதான்.
வண்டி கடந்ததும் தீர்ப்பு வழங்காமலே
கலைந்துபோகும் சபை.

குவாரியில் பன்னிரண்டுக்குச் சங்கு.
கூலிவரிசை லயத்தில் செங்கமலம்
சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு
விரல் மடக்குவாள்.
ஐந்து குழி அடைத்தால் ஐந்து சத்தம்.
தட்டு ஆடும், நாய் கட்டிலடியில் போகும்,
அப்புறம் சாப்பாடு.
ஒரு வெள்ளிக்கிழமை நான்கு விரலோடு நின்றுவிட்டாள்.
ஐந்தாவதைப் பார்க்க சடைக்கன் இறங்கினான்.

இங்கே மூன்று வரி எழுதினேன்.
அடித்துவிட்டேன்.

மலை எங்கே போயிற்று என்று கேட்பவர்கள்
கீழே பார்க்க வேண்டும்.
லாரி லாரியாக அது நடந்தது.
சாலைக்கு அடியில் படுத்தது,
கட்டடங்களின் பாதத்தில் நின்றது,
கொஞ்சம் கடலுக்குள்ளும் இறங்கியது.
வெட்டிய குழியில் மழை தேங்கிற்று.
உயரத்தைக் காட்டிய வரைபட வட்டங்கள்
ஆழத்தைக் காட்டத் திரும்பிக்கொண்டன.
ஞாயிறுகளில் அங்கே மணப்பெண்கள் படம் எடுக்கிறார்கள்.
தண்ணீர் பச்சையாக, அழகாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு ஊர் என்பது புளோக் எண்கள்.
சின்ன ரயில் ஒன்று சுற்றி வந்து
ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும்.
வீடுகளை நெருங்கும்போது
அதன் கண்ணாடி தானாக மங்கும்,
யார் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று
தெரியக்கூடாதாம்.
நல்ல ஏற்பாடு.
எண்பது சொல்லும் அப்படித்தான்.

புதன்கிழமை அச்சுக்கு முந்தைய படம் வந்தது.
"தமிழ் சரிதானா? வெள்ளிக்குள் சொல்லுங்கள்."
நன்றாகவே இருந்தது. ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் மேலாகக்கூட.
பழக்கத்தில் எண்ணினேன்.
மலை என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தேன்.
நான்கு இருந்தது.

கடைசி வரியில், கணினி செய்த வேலை,
இணைக்கொம்பு ஓர் எழுத்து முன்னால் போய்
மைல என்று நின்றது.
ஒரு புள்ளி வைத்தால் மைல்.

மலை மைலானதுதானே நடந்தது.
இதைவிடச் சுருக்கமாக நானே எழுதியிருக்க முடியாது.

வியாழன் இரவு.
திரு. குவெக்குக்குப் பதில் இன்னும் போடவில்லை.
அடித்த மூன்று வரி
வேறொரு தாளில் இருக்கிறது,
மேசையில், தேநீர்க் குவளைக்கு அடியில்.
எண்ணிப் பார்த்தேன்.
பதினோரு சொல்.